கண்ணாடியில் இல்லாத வீடு

அக்டோபர் 6

அக்கா,

போனில் பேசினால் நான் கத்துவேன். நான் கத்தினால் நீ அமைதியாகிவிடுவாய். நீ அமைதியாக இருந்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். அதனால்தான் உன் அழைப்பை எடுக்கவில்லை. கேட்க வேண்டியதை எழுத்தில் கேட்கிறேன், எழுத்திலேயே பதில் சொல்.

எதிரே காலி மனையில் நகர நூலகம் வரப்போகிறது என்பது உனக்குத் தெரியும். திங்கட்கிழமை அங்கே ஒரு பெரிய பலகை வைத்தார்கள். ஆறு மாடிக் கட்டடத்தின் படம். நம் தெருவைப் பார்த்த முகம் முழுக்கக் கண்ணாடி. படம் பிரமாதம், அதை மறுக்கவில்லை. நானும் நடுரோட்டில் நின்று வாய் பிளந்து பார்த்தேன். மூலையில் உன் ஆபீஸ் பெயர் இருந்தது. "எங்க அக்கா போட்ட படம்" என்று சைக்கிள் கடைக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். "அதெல்லாம் சரி தம்பி. கண்ணாடியில எதிர்ப்பக்கம் தெரியுதில்ல? அதுல நம்ம வீடுங்க எங்க?" என்றார்.

அப்புறம்தான் நான் பார்த்தேன். நம் வரிசையில் ஐந்து வீடு. ஒன்றுகூட அந்தக் கண்ணாடியில் இல்லை. நாம் இருக்க வேண்டிய இடத்தில் உயரமான மரங்கள், ஒரு குளம், குளத்தோரம் ஒரு பெஞ்சு.

மறுநாளே தரகர் வந்துவிட்டார். எப்போதும் வெள்ளைச் சட்டை போடுவாரே, அவர்தான். வீடு வீடாக ஏறி இறங்கினார். "நூலகத்துக்கு முன்னாடி பூங்கா வருது. படத்துலயே போட்டுட்டாங்க. அவங்களா எடுத்துக்கிட்டா என்ன குடுப்பாங்களோ. நீங்களா முந்திக்கிட்டா நல்லது" என்கிறார். கோடி வீட்டு அம்மா சரி சொல்லிவிட்டார். எனக்குத் தரகர் இந்த வருட முடிவு வரை நேரம் கொடுத்திருக்கிறார்.

வீடு போனால் வேறு வீடு பார்க்கலாம். என் மாடி அறைக்கு என்ன செய்வேன்? பல்செட் செய்கிறவனுக்குக் கைக்கு அடுத்தது வெளிச்சம். பல்லின் நிறம் பார்க்க வெயில் படாத வடக்கு வெளிச்சம் வேண்டும். அந்த ஜன்னல் வடக்கைப் பார்க்கிறது என்பதற்காகத்தான் அப்பாவிடம் அடம்பிடித்து அந்த அறையை வாங்கினேன். இத்தனை வருடமாக அந்த மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரே கேள்வி. எங்கள் வரிசையை இடிக்கப்போகிறார்களா? உனக்குத் தெரிந்தே வரைந்தாயா?

தம்பி


அக்டோபர் 11

அன்புள்ள தம்பிக்கு,

இல்லை. உன் கேள்விக்குப் பதில் அதுதான். இடிக்கும் திட்டம் எதையும் நான் பார்க்கவில்லை. எங்களிடம் வந்த வரைபடம் எதிர்மனையின் வேலியோடு முடிகிறது. பூங்கா யார் மனத்திலும் இல்லை. தயவுசெய்து எதிலும் கையெழுத்துப் போடாதே.

அப்படியானால் மரம் எப்படி வந்தது என்பாய். சொல்கிறேன், கோபப்படாமல் படி.

ஒரு கண்ணாடி டம்ளரை இருட்டுப் பெட்டிக்குள் வைத்துப் பார். டம்ளர் இருப்பதே தெரியாது. அதையே ஜன்னலோரம் கொண்டுவந்து வை. ஜன்னலின் வெளிச்சம் அதன் வயிற்றில் வளைந்து விழும், பின்னால் இருக்கும் சுவர் அதற்குள் நெளியும். அப்போதுதான் டம்ளர் என்று கண் சொல்லும். கண்ணாடிக்குச் சொந்த முகம் கிடையாது. பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தை வாங்கிப் போட்டுக்கொள்ளும்.

கம்ப்யூட்டருக்குள் நான் கட்டும் கட்டடத்துக்குப் பக்கத்தில் யாருமே இல்லை. மேலே வானம்கூட இல்லை. அப்படியே படமெடுத்தால் கண்ணாடி சாம்பல் பூசிய தகரம் மாதிரி இருக்கும். அதனால் எங்கோ ஓர் இடத்தை நாலாபக்கமும் எடுத்த ஒரு புகைப்படத்தை, உருண்டையாகக் கட்டடத்தைச் சுற்றி மாட்டிவிடுவோம். கண்ணாடி அதைப் பார்த்து உயிர் பெற்றுவிடும். எங்கள் ஆபீசில் எல்லாவற்றுக்கும் மாட்டுவது ஒரே பூங்காதான். வெளிச்சம் மிருதுவாக இருக்கும், மேகம் அளவாக இருக்கும். போன மாதம் ஒரு பஸ் நிலையத்துக்கும் அதே குளம்தான், அதற்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரிக்கும் அதே பெஞ்சுதான். எந்த ஊர்ப் பூங்கா என்று எனக்கே தெரியாது.

இது பழக்கம், சதி இல்லை. ஆனால் அந்தப் பலகைக்கு எதிரே குடியிருப்பவர்கள் நின்று தங்களைத் தேடுவார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அக்கா


அக்டோபர் 17

அக்கா,

உன் கடிதத்தைத் தெருவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். டம்ளர் வரைக்கும் நன்றாகக் கேட்டார்கள். "எங்கோ ஓர் இடம்" என்று வந்ததும் சைக்கிள் கடைக்காரர் சிரித்துவிட்டார். "கம்ப்யூட்டருக்குள்ளயே நம்ம வீட்டுக்கு இடமில்லாதப்ப, ஆபீஸ் ஃபைல்ல இருக்கும்னு எப்படி நம்புறது?" என்றார். கோடி வீட்டு அம்மா, "உங்க டீச்சர் அக்கா நல்லாத்தான் எழுதுறாங்க. ஆனா பலகை பெருசா இருக்கே" என்றார். அதற்கு நான் என்ன சொல்ல?

நானும் இல்லாததை இருப்பதுபோல் செய்கிறவன்தான். ஆனால் ஒருவருக்கு முன்பல் செய்யும்போது பக்கத்துப் பல்லைப் பார்க்காமல் செய்ய மாட்டேன். பக்கத்துப் பல்லில் மெல்லிய கோடு இருந்தால் இதிலும் கோடு போடுவேன். லேசாக மஞ்சளோடியிருந்தால் இதிலும் மஞ்சள் சேர்ப்பேன். பார்க்காமல் வெள்ளை வெளேரென்று செய்து மாட்டினால் அது பல் இல்லை, சோழி. நீ தெருவின் வாயில் சோழியை மாட்டியிருக்கிறாய். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வரைபடம் சொல்லிக்கொடுத்தவள்! ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டாய் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒரு ஜன்னலை எட்டிப் பார்க்க உனக்கு நேரமில்லை.

இதோ புகைப்படங்கள். காவலாளியிடம் கேட்டு மனைக்குள் போய், கண்ணாடி நிற்கப்போகும் கோட்டில் நின்று எடுத்தேன். ஐந்து வீடும் இருக்கிறது. படம் எடுக்கிறேன் என்றதும் சைக்கிள் கடைக்காரர் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார், அவரையும் சேர்த்துக்கொள். இந்த வரிசையைக் கண்ணாடியில் போட்டு, அந்தப் பலகையை மாற்றவை. பலகை மாறினால் பேச்சு மாறும். மாறாவிட்டால் எல்லோரும் விற்றுவிடுவார்கள். நாலு வீடு இடிந்த பிறகு ஐந்தாவதில் நான் மட்டும் எப்படி இருப்பேன்?

தம்பி


அக்டோபர் 29

அன்புள்ள தம்பிக்கு,

சோழி என்று நீ எழுதியது வலித்தது. சரியாகவும் இருந்தது. அதனால் பூங்காவைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஆபீஸ் கோப்பைத் தொடவில்லை. நகர அலுவலகம் எல்லோரும் பார்க்க ஒட்டியிருக்கும் அளவுகளை வைத்து, வீட்டிலேயே என் சொந்தக் கம்ப்யூட்டரில் கட்டினேன்.

கண்ணாடியை நிஜமாக்குவது அழுக்கில் தொடங்குகிறது என்று சொன்னால் சிரிப்பாய். முழுச் சுத்தமான கண்ணாடியைக் கண் நம்பாது. சட்டத்தின் கீழோரத்தில் மழைத்தூசி கொஞ்சம் வைத்தேன். அடுத்தது தடிமன். வெறும் தாள் மாதிரி விடாமல் இரண்டு கண்ணாடிப் பலகையாக, நடுவில் இடைவெளி விட்டு நிறுத்தினேன். இப்போது ஒவ்வொரு பிம்பத்துக்கும் பின்னால் மங்கலாக இன்னொரு பிம்பம் ஒட்டிக்கொண்டு வருகிறது, ஓரத்தில் லேசான பச்சை தெரிகிறது. பிறகு கோணம். குளத்தில் காலடியைப் பார்த்தால் தரை தெரியும், தூரத்தில் பார்த்தால் வானம்தான் தெரியும் இல்லையா? கண்ணாடியும் அப்படித்தான். நேராகப் பார்த்தால் உள்ளே விடும், சாய்வாகப் பார்த்தால் முகத்தில் அறைந்த மாதிரி திருப்பி அனுப்பும். கடைசியாக, ஒவ்வொரு பலகையையும் மயிரிழை அளவு வெவ்வேறாகத் திருப்பினேன். எந்தத் தொழிலாளியும் எல்லாவற்றையும் ஒரே நேராக மாட்டியதில்லை. திருப்பியதும் நம் வரிசை அதில் உடைந்து உடைந்து விழுந்தது. உன் மாடி ஜன்னலின் ஒரு பாதி ஒரு பலகையில், மறு பாதி கொஞ்சம் இறங்கி அடுத்ததில். சைக்கிள் கடைக்காரரின் சட்டை மூன்று துண்டாக. பார்த்தவுடன் நிஜம் என்று தெரிந்துவிட்டது.

இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். முடிக்கத்தான் நினைத்தேன்.

ஆனால் தெருவை நிஜமாகப் போட்டவள் வானத்தை மட்டும் ஏன் கடன் வாங்க வேண்டும் என்று தோன்றியது. மேகத்தை எடுத்துவிட்டு, உங்கள் ஊர்ச் சூரியனை அது எந்த மாதம் எங்கே நிற்குமோ அங்கே வைத்தேன். தம்பி, அந்தக் கண்ணாடி தெற்கைப் பார்க்கிறது. வருடக் கடைசியில் சூரியனும் தெற்கில்தான் இருக்கும். வெயில் கண்ணாடியில் விழுந்து, திரும்பி, தெருவைத் தாண்டி உன் வடக்கு ஜன்னலுக்குள் வருகிறது. காலையில் மூன்றாம் மாடியிலிருந்து வருகிறது. வெயில் ஏற ஏற அதற்கு மேல் மாடிகளிலிருந்து. அது நேராக உன் மேஜையில் விழுகிறது.

மூன்று தடவை மாற்றிப் பார்த்தேன். மூன்று தடவையும் அப்படியேதான்.

இதைச் சொன்னால் நீயே விற்றுவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் என் கை பூங்கா போட்ட அதே கையாகிவிடும். ஒரு பரிசோதனை செய். ஒரு பெரிய கண்ணாடியை எதிர்வேலியில் சாய்த்து, வெயிலை உன் மேஜைமேல் விழச்செய். கோணம் சரியாக இருக்க வேண்டியதில்லை. அந்த வெளிச்சத்தில் உன் வேலை நடக்குமா என்று மட்டும் பார்.

அக்கா


நவம்பர் 5

அக்கா,

பரிசோதனை நடந்தது. தெருவே சேர்ந்து செய்தது. கோடி வீட்டு அம்மாவின் கண்ணாடி பதித்த பீரோ கதவைக் கழற்றி, சைக்கிள் கடைக்காரரும் காவலாளியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். "இன்னும் மேல! இன்னும் மேல! ஐயோ, கண்ணு!" என்று நான் ஜன்னலிலிருந்து கத்தினேன். அந்த நேரம் பார்த்து என் பெண்டாட்டி மாடிக்கு வந்தாள். "பல்லு கட்டுற வேலை போதாதுன்னு இப்ப நாடகமும் போடுறீங்களா?" என்றாள்.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. பஸ் டிரைவர் ஒருவருக்கு முன்பல் ஒன்று செய்ய வேண்டியிருந்தது. பக்கத்தில் உட்காரவைத்து, அந்த வெளிச்சத்தில் மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக அவர் உதட்டோரம் பிடித்துப் பார்த்தேன். எல்லாமே வெளுப்பாகத் தெரிந்தது. வெளுப்புக்குப் பயந்து, மஞ்சள் கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பல்லைச் செய்து முடித்தேன். மறுநாள் சாதாரண வெளிச்சத்தில் வாயில் வைத்துப் பார்த்தால் பழுத்த இலை மாதிரி இருக்கிறது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அண்ணே, இது என் பல்லா, என் அப்பா பல்லா?" என்றார். வேறொன்று செய்து கொடுத்தேன். கெட்டதைத் தூக்கிப் போடவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். விற்றுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பூங்கா வருகிறதோ இல்லையோ, வெயில் வரப்போவது நிச்சயமாகிவிட்டதே. ஆனால் நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரமாக வருகிறது. கட்டடம் இன்னும் எழும்பவில்லை. ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. வராத வெயிலுக்குப் பயந்து இருக்கிற வீட்டை விற்பதா? இருபத்திரண்டாம் தேதி நகர அலுவலகத்தில் கூட்டம் இருக்கிறது, யாருக்கு ஆட்சேபணை இருந்தாலும் சொல்லலாமாம். நான் போகிறேன். வெறுங்கையோடு போனால், "வெயில் எல்லார் வீட்டுக்கும்தான் வருது" என்று அனுப்பிவிடுவார்கள். உன் படம் இருந்தால் பேசலாம்.

ஆனால் அதைக் கொடு என்று நான் கேட்கவில்லை. உன் வேலை போகும். அதையும் யோசித்துக்கொள்.

தம்பி


நவம்பர் 13

அன்புள்ள தம்பிக்கு,

மறைவாகக் கொடுக்க எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் சின்னவரிடம் படத்தை நேராகக் கொண்டுபோய்க் காட்டினேன். சின்னவர் என்பது எங்கள் கட்டடக்கலைஞர். வயதில் என் மாணவனாக இருந்திருக்கலாம், நல்லவேளையாக இல்லை.

வெகுநேரம் பார்த்தார். "கண்ணாடி அபாரம் மேடம். இவ்வளவு நாள் இப்படி ஏன் போடல?" என்றார். அப்புறம் எதிர்வீட்டு ஜன்னலில் விழுந்த வெயிலில் விரலை வைத்தார். "இது என்ன?"

"நம்ம கட்டடம் திருப்பி அனுப்புற வெயில்."

"மேடம், படம் நிஜமா இருக்கணும்னு சொன்னேன். இவ்வளவு நிஜமா இருக்கணும்னு சொல்லல."

"கண்ணாடிய நிஜமாக்கினா வெயிலும் கூடவே வருதுங்க. ஒண்ணை விட்டு ஒண்ணை எடுக்க முடியல."

"ஒரு மேகம் போட்டுடுங்களேன். சின்னதா."

"படத்துல போடலாம். அந்தத் தெருவுல யார் போடுவாங்க?"

அவர் கெட்டவர் இல்லை. டிசம்பரில் வேலை தொடங்காவிட்டால் இந்த ஒப்பந்தம் வேறு ஆபீசுக்குப் போய்விடும், அந்தப் பயம். நானும் அதைப் புரிந்துகொண்டேன். ஆனாலும் கூட்டத்தில் இந்தப் படம் வரும் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். "அப்போ இந்த வேலையில இனி நீங்க வேண்டாம்" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

இப்போது என் மேஜை காலி, நேரம் நிறைய. குறை சொல்ல மட்டும் உன்னை அனுப்ப எனக்கு மனமில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை விடை தப்பு என்று சொன்னால், "சரி, சரியானது எது?" என்று கேட்பேன் இல்லையா? அதனால் இரண்டாவது படம் ஒன்றும் செய்திருக்கிறேன். அதே கட்டடம், அதே கண்ணாடி. ஒவ்வொரு மாடிக்கும் மேலே ஒரு சன்ஷேட், முழு அகலத்துக்கு. வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. தொடாத வெயில் திரும்பி வராது.

இன்னொன்றும் நடந்தது. நான் எதிர்பார்க்கவே இல்லை. நிழலில் நின்றதும் கண்ணாடியின் பளபளப்பு அடங்கி, உள்ளே தெரிய ஆரம்பித்துவிட்டது. புத்தக அலமாரி, விளக்கு, படித்துக்கொண்டிருக்கும் ஆள். முதல் படத்தில் அது வெறும் மினுக்கும் பெட்டி. இதில்தான் நூலகம். கூட்டத்தில் இதைச் சொல். அழகையும் சேர்த்துச் சொன்னால் காது கொடுப்பார்கள்.

நான் வந்தால், குடும்பத்தோடு சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்பார்கள். நீ போ. இரண்டு படமும் இதோடு இருக்கிறது. தைரியமாகப் பேசு, கத்தாதே.

அக்கா


நவம்பர் 23

அக்கா,

கத்தவில்லை. ஒரே ஒரு இடத்தில் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

ஐந்து வீட்டுக்காரர்களும் போயிருந்தோம். நகரப் பொறியாளர் ஓர் அம்மா. பொறுமையானவர், ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார். முதலில் பூங்காவைக் கேட்டேன். "என்ன பூங்கா?" என்றார். பலகைப் படத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தவர், "நானும் இத்தனை நாளா இதைக் கவனிக்கலையே!" என்றார். எங்கள் வரிசையை எடுக்கும் எண்ணம் எதுவும் இல்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதவைத்தார். கோடி வீட்டு அம்மா அங்கேயே தரகருக்குப் போன் போட்டார். என்ன பேசினார் என்று எழுத முடியாது.

அப்புறம் உன் வெயில் படம். உன் சின்னவர் எழுந்தார். "இதைப் போட்டது அந்த வீட்டுக்காரரோட அக்கா. பாசத்துல வெயிலைக் கொஞ்சம் தூக்கலா போட்டிருப்பாங்க" என்றார். குரல் உயர்ந்தது அங்கேதான். "சார், பூங்காவைப் போட்டதும் அதே அக்காதான். அப்போ யார் மேல பாசம்?" என்றேன். கூட்டம் சிரித்துவிட்டது. அவரும் சிரித்துவிட்டார், பாவம்.

பொறியாளர் அம்மா சிரிக்கவில்லை. "அந்த வெயிலால உங்களுக்கு என்ன நஷ்டம்? திரை போட்டுக்கலாமே" என்றார். நான் பையிலிருந்து அந்த இரண்டு பல்லையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஒரே ஆளுக்குச் செய்தது. ஒன்று என் வெளிச்சத்தில், மற்றது பீரோக் கதவு வெளிச்சத்தில். "திரை போட்டா வெளிச்சமே போயிடும்மா. திரை போடலைன்னா இது வரும்" என்றேன். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார். தன் பல்லை நாக்கால் ஒருமுறை தடவிக்கொண்டார், அதை நான் பார்த்தேன்.

பிறகு சூரியன் கணக்கைத் தன் ஆளை வைத்துப் போடச்சொன்னார். அரை நாள் காத்திருந்தோம். உன் கணக்கும் அவர் கணக்கும் ஒன்றாக வந்தது. சன்ஷேட் வைக்க வேண்டும் என்று முடிவானது. ஆனால் கீழே ஐந்து மாடிக்கு மட்டும். ஆறாம் மாடிக்கு வேண்டாமாம். உச்சி மொட்டையாக இருந்தால்தான் அழகாம். எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை.

முழு வெற்றி என்று சொல்ல முடியவில்லை. ஆறாம் மாடியால் எனக்கு என்ன ஆகும்?

தம்பி


நவம்பர் 29

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே போட்டுப் பார்த்துவிட்டேன். வருடக் கடைசியில் சில வாரங்கள், நடுப்பகலில் கொஞ்ச நேரம், ஆறாம் மாடி வெயில் உன் மேஜைக்கு வரும். மற்ற நேரமெல்லாம் உன் வெளிச்சம் உன்னுடையது. இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். சொல்ல வேண்டியது நீ.

சின்னவர் போன் செய்தார். பொறியாளர் அம்மா இரண்டாவது படத்தையே புதுப் பலகைக்குக் கேட்டாராம். சன்ஷேட் தன் யோசனை என்று இரண்டு இடத்தில் சொல்லிவிட்டதாகவும், நான் கோபித்துக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னார். "யோசனைய நீங்க வச்சுக்கங்க. இனி எந்தக் கட்டடமா இருந்தாலும் எதிர்ப்பக்கத்தை அங்க போய் நின்னு எடுத்துட்டு வந்துதான் போடுவேன். சம்மதம்னா வர்றேன்" என்றேன். ஒரு வாரம் கேட்டிருக்கிறார். யோசிக்கட்டும். அவர் வேண்டாம் என்றாலும் நான் இனி அப்படித்தான் செய்வேன், வேறு இடத்தில்.

உன் முடிவை எழுது. விற்பதாக இருந்தாலும் எழுது.

அக்கா


டிசம்பர் 9

அக்கா,

புதுப் பலகை வைத்துவிட்டார்கள். வரிசை முழுக்க அதில் இருக்கிறது, நிழலுக்குள் மங்கலாக, உடைந்து உடைந்து. சைக்கிள் கடைக்காரர் வருகிற வாடிக்கையாளரையெல்லாம் இழுத்துக்கொண்டு போய், மூன்று துண்டாக நிற்கும் தன்னைக் காட்டுகிறார். "கடை எங்கன்னு கேட்டா, நூலகத்துல பாருன்னு சொல்லலாம்" என்கிறார்.

தரகர் நேற்று வந்தார். அதே வெள்ளைச் சட்டை. முகத்தில் கொஞ்சமும் வெட்கம் இல்லை. "சார், நூலகத்துக்கு எதிர்வீடு! படத்துலயே உங்க வீடு இருக்கு! இப்ப வித்தா நல்ல விலை" என்றார்.

"அன்னைக்கு இல்லாத வீட்டை விக்கச் சொன்னீங்க. இன்னைக்கு இருக்கிற வீட்டை விக்கச் சொல்றீங்க. இருக்கிற வீட்டுல நான்ல இருக்கேன்?" என்றேன். என் பெண்டாட்டி உள்ளேயிருந்து, "அவருக்கு ஒரு பல்லு ஆடுது பாருங்க, அதையாவது கட்டி அனுப்புங்க" என்றாள். உண்மையிலேயே ஆடியது. உட்காரவைத்து அளவு எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.

ஆறாம் மாடியைப் பற்றி யோசித்தேன். அந்தச் சில வாரம், வெயில் வரும் நேரம் நான் கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன். அவ்வளவுதான். அதற்குமேல் நான் நகர்வதாக இல்லை.

மூன்று மணிக்கு ஒருவருக்கு முன்பல் கொடுக்க வேண்டும். இப்போது வெளிச்சம் நன்றாக இருக்கிறது. நிறுத்துகிறேன்.

தம்பி